பலகை கிட்டாரில் ஜாஸின் இதம்: புது கிட்டார் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்!

பாகூர் பக்கம் ஒரு வீடு. இரவு ஒன்பது மணி. ஷிஃப்ட் முடிந்து வந்த தம்பி, தவணையில் வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டாரை மடியில் வைத்து, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட ஜாஸ் கார்டு ஒன்றைப் பிடிக்கிறான். அடுப்பங்கரையிலிருந்து அக்காவின் குரல் வருகிறது.

"என்னடா அது, தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு?"

"கிட்டாரே அப்படித்தான்க்கா. இது வெறும் பலகை. ஜாஸுக்கு உள்ள கூடு இருக்கிற கிட்டார் வேணும். இதை வித்துட்டு அதை வாங்கலாம்னு பார்க்கிறேன்."

"இதுக்கே இன்னும் ஆறு தவணை பாக்கி இருக்கு. அதுக்குள்ள இன்னொண்ணா?"

காட்சி கற்பனைதான். ஆனால், எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கும் பல வீடுகளில் இந்தப் பேச்சு என்றாவது ஒருநாள் வந்துவிடும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் ஜாஸ் கேட்க இன்று போன் போதும். கேட்ட அந்த இதமான ஒலி தன் கையில் வரவில்லை என்றதும், முதல் பழி கிட்டார் மேல் விழுகிறது.

அந்தப் பழி நியாயமா?

கூட்டை ஏன் கைவிட்டார்கள்?

1930-களில் அமெரிக்க ஜாஸ் குழுக்களில் டிரம்பெட், சாக்ஸபோன் சத்தத்துக்கு நடுவே கிட்டார் காதில் விழவே விழாது. 1936-ல் கிப்சன் கம்பெனி 'இஎஸ்-150' என்ற எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்தது. உள்ளே கூடு உள்ள கிட்டார்தான். கூடவே ஒரு பிக்-அப். சார்லி கிறிஸ்டியன் 1939-ல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்து அதை வாசித்தபோதுதான் கிட்டாரும் தனியாக நின்று பேசும் என்று உலகம் தெரிந்துகொண்டது. இன்று 'ஜாஸ் கிட்டார் ஒலி' என்று நம் காதில் பதிந்திருப்பது இந்தக் கூட்டு கிட்டாரின் ஒலிதான்.

ஆனால், கூட்டுக்கு ஒரு தொல்லை உண்டு. திருவிழா மேடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் 'கூய்ய்' என்று காது கிழியுமே, அதே கூவல் இந்த கிட்டாரிலும் வரும். ஸ்பீக்கரின் சத்தத்தில் கூட்டின் பலகை அதிர, அது மறுபடி பிக்-அப் வழியாக ஸ்பீக்கருக்கே போகும். இதற்குத் தீர்வாகத்தான் கூடே இல்லாத 'சாலிட்-பாடி' கிட்டார் வந்தது. 1950-ல் ஃபெண்டர் கம்பெனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதுவே பிறகு 'டெலிகாஸ்டர்' என்று பெயர் பெற்றது.

நம் ஊர்த் திருவிழா மேடையில், பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே நின்று வாசிப்பவருக்குப் பலகை கிட்டார் ஒரு விதத்தில் வசதிதான்.

இரவல் பலகையில் வந்த ஜாஸ்

'பலகையில் ஜாஸ் வராது' என்பவர்களுக்கு ஜோ பாஸ் கதை நல்ல பதில்.

ஜாஸ் கிட்டாரின் பெரிய மேதைகளில் ஒருவர் அவர். இளமையில் போதைப் பழக்கத்தில் சிக்கி, பல வருடங்களைத் தொலைத்துவிட்டு, கலிஃபோர்னியாவில் 'சினனான்' என்ற மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். கையில் சொந்த கிட்டார்கூட இல்லை. மையத்தில் இருந்ததோ ஃபெண்டரின் 'ஜாஸ்மாஸ்டர்' என்ற பலகை கிட்டார். 1962-ல் வெளியான 'சவுண்ட்ஸ் ஆஃப் சினனான்' ஆல்பத்தில் அவர் வாசித்தது அதைத்தான். அவர் பெயர் வெளியே தெரியத் தொடங்கியது அந்த ஆல்பத்தில்தான். அதற்குப் பிறகுதான் ஒருவர் அவருக்குக் கூட்டு கிட்டார் ஒன்றைப் பரிசாக வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஜாஸ்மாஸ்டருக்கும் ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1958-ல் ஜாஸ்காரர்களை மனதில் வைத்துத்தான் ஃபெண்டர் அதைச் செய்தது. ஜாஸ்காரர்களில் பெரும்பாலோர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கலிஃபோர்னியா கடற்கரையில் 'சர்ஃப்' இசை வாசித்த இளைஞர்கள் அள்ளிக்கொண்டார்கள்!

கனடாவின் எட் பிக்கெர்ட் இன்னொருவர். டெலிகாஸ்டர் என்றால் பளீரென்று வெட்டும் ஒலிதான் பலருக்கு ஞாபகம் வரும். அதே டெலிகாஸ்டரில் அவர் வாசித்தது வெல்வெட் துணி மாதிரி இருக்கும். சாக்ஸபோன் மேதை பால் டெஸ்மண்டுடன் 1970-களில் அவர் செய்த 'ப்யூர் டெஸ்மண்ட்' ஆல்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், பலகை கிட்டார் என்று சத்தியம் செய்தாலும் நம்பத் தோன்றாது.

அவ்வளவு தூரம் போவானேன்? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் இருந்ததும் எலெக்ட்ரிக் மாண்டலின்தானே. இரட்டை இரட்டையாக இருக்கும் கம்பிகளை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் வைத்து, கர்நாடக இசையின் கமகங்களை அதில் கொண்டுவந்தார். 2014-ல் அவர் மறையும்வரை, 'இது மேல்நாட்டு வாத்தியம்' என்ற நினைப்பே வராதபடி வாசித்தார்.

செலவே இல்லாத ஐந்து வேலைகள்

சரி, அந்தத் தம்பி இன்றிரவே என்ன செய்யலாம்?

1. கழுத்துப் பக்கத்து பிக்-அப்புக்கு மாறுங்கள். கம்பி கட்டியிருக்கும் பாலத்தின் ஓரத்தில் கம்பி குறைவாகவே ஆடும். அங்கே இருக்கும் பிக்-அப்பில் கூர்மையான ஒலி தூக்கலாக வரும். தகரச் சத்தத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். கழுத்துப் பக்கம் கம்பி அகலமாக ஆடும். அடி ஸ்வரம் முழுசாகக் கிடைக்கும்.

2. டோன் நாப்பைத் திருப்புங்கள், முழுசாக மூடாதீர்கள். உள்ளே இருக்கும் ஒரு சின்ன கெபாசிட்டர், கூர்மையான ஒலியை வடித்துவிடும். பத்தில் 4 அல்லது 5-ல் தொடங்குங்கள். ஜீரோவில் வைத்தால் வருவது இதம் இல்லை, மந்தம். கம்பளிக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். வால்யூமையும் 7 அல்லது 8-க்குக் குறைத்தால், பல கிட்டார்களில் முனை இன்னும் கொஞ்சம் மழுங்கும்.

3. தட்டும் இடத்தை மாற்றுங்கள். பாலத்தின் பக்கம் தட்டுவதற்கும் ஃப்ரெட் பலகை முடியும் இடத்தில் தட்டுவதற்கும் ஒலி வேறு. பிளாஸ்டிக் பிக் மெல்லியதாக இருந்தால் தடிமனானதுக்கு மாறுங்கள். இல்லாவிட்டால் கட்டை விரலையே பயன்படுத்துங்கள்.

4. ஒலியைச் சீக்கிரம் அடக்குங்கள். கூட்டு கிட்டாரில் ஒலி 'தும்' என்று எழுந்து சீக்கிரம் அடங்கும். பலகையில் அது நீண்டு நிற்கும். உள்ளங்கை ஓரத்தைப் பாலத்தின் மேல் லேசாக வையுங்கள். பாலத்தின் பக்கம் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகியும் பார்க்கலாம்.

5. ஆறு கம்பியையும் அடிக்காதீர்கள். ஜாஸ் கார்டுக்கு மூன்று, நான்கு ஸ்வரங்கள் போதும். அதற்கு மேல் போனால் ஒன்றை ஒன்று மூடிக் குழம்பும். ஒலி கலங்குவதற்கு கிட்டாரைவிட இந்தப் பழக்கமே பல நேரங்களில் காரணம்.

ஆம்ப் இருந்தால் ஓவர்டிரைவ், கோரஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ட்ரெபிளைக் குறைத்து, மிட்-ஐக் கொஞ்சம் ஏற்றி, பாஸை நடுவில் வையுங்கள். 'இதம் என்றால் பாஸ்' என்று நினைத்து பாஸை ஏற்றினால் அறை முழுக்க 'பொம் பொம்' என்றுதான் கேட்கும்.

செலவு செய்வதென்றால் ஸ்ட்ரிங்கில்

புது கிட்டாருக்குப் பதில் ஒரு செட் ஸ்ட்ரிங் மாற்றிப் பாருங்கள். பல எலெக்ட்ரிக் கிட்டார்களில் 9 அல்லது 10 கேஜ் ஸ்ட்ரிங்தான் இருக்கும். அதாவது, முதல் கம்பியின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 அல்லது 10 பங்கு. ஜாஸ் வாசிப்பவர்கள் பெரும்பாலும் 11, 12 என்று தடிமனாகப் போவார்கள்.

'ஃப்ளாட்-வுண்ட்' என்று ஒரு வகை உண்டு. சாதாரண ஸ்ட்ரிங்கில் தடித்த கம்பிகள் மேல் உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும். இதில் தட்டையான பட்டை சுற்றியிருக்கும். தொட்டால் வழவழப்பு. விரல் நகரும்போது வரும் 'கீச்' சத்தம் பெருமளவு குறையும், பளபளப்பும் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. தடித்த ஸ்ட்ரிங் கழுத்தை அதிகமாக இழுக்கும். கழுத்துக்குள் இருக்கும் கம்பியையும் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளத்தையும் சரிசெய்ய வேண்டியிருக்கலாம். பழக்கம் இல்லாதவர்கள் தாங்களே திருகாமல், தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

'பழைய ஸ்ட்ரிங்கும் மங்கலாகத்தானே ஒலிக்கும், அதுவே போதாதா?' என்று கேட்கலாம். உப்புக் காற்று வீசும் நம் பக்கத்தில் ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பியில் சுருதி நிற்காது, விரலும் புண்ணாகும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்துவையுங்கள்.

மைக் செட்டில் மாட்டும்போது...

வீட்டில் நன்றாக இருந்த ஒலி மேடையில் கெடுவது ஏன்? கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர், மிகக் கூர்மையான ஒலிகளைத் தானாகவே குறைத்துவிடும். மைக் செட் ஸ்பீக்கர் அப்படி இல்லை. பாட்டுக்காகச் செய்தது என்பதால் எல்லாவற்றையும் அப்படியே கொட்டும். அதனால் கிட்டாரை நேராக மிக்ஸரில் செருகினால், ஸ்ட்ரிங்கில் பிக் உரசும் சத்தம்கூடத் துருத்திக்கொண்டு நிற்கும். மிக்ஸரின் சாதாரண லைன் சாக்கெட்டில் செருகினால் இன்னொரு தொல்லை: கிட்டாரின் சிக்னல் அங்கே வலுவிழந்து சோர்ந்துபோகும்.

வழி இருக்கிறது. கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே டிஐ பாக்ஸ் அல்லது சின்ன மல்டி எஃபெக்ட் பெடல் ஒன்றை வையுங்கள். பெடலில் 'கேபினெட்' என்று ஒரு வசதி இருக்கும். அது ஆம்ப் ஸ்பீக்கரின் குணத்தைப் போலியாகக் கொடுக்கும். அதை ஆன் செய்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

உயிர் முக்கியம்: எர்த்!

இசையைவிட முக்கியமான ஒரு விஷயம். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஸ்ட்ரிங்குகள் வயர் வழியாக ஆம்பின் எர்த்துடன் இணைந்திருக்கும். வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை என்றாலோ, மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் செருகினாலோ, ஆம்பில் கோளாறு வரும்போது ஸ்ட்ரிங்கிலேயே மின்சாரம் பாயலாம். ஒரு கை ஸ்ட்ரிங்கில் இருக்க, உதடு மைக்கில் பட்டால் ஆபத்து. பழைய வீடு என்றால் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் சுரீரென்று இருந்தால், உடனே நிறுத்திவிடுங்கள்.

காதும் பழக வேண்டும்

எந்த ஒலி வேண்டும் என்று காதுக்குத் தெரியாமல் நாப்பைத் திருப்பிப் பயன் இல்லை. ஜோ பாஸ், எட் பிக்கெர்டுடன் நம் நாட்டுக் கலைஞர்களையும் கேளுங்கள். கொல்கத்தாவில் கடைசிவரை ஜாஸே வாசித்து, பலருக்குச் சொல்லியும் கொடுத்தவர் கார்ல்டன் கிட்டோ. 2016-ல் மறைந்தார். அவரைப் பற்றி 'ஃபைண்டிங் கார்ல்டன்' என்ற ஆவணப்படமே இருக்கிறது. ராணிப்பேட்டையில் பிறந்த கிட்டார் பிரசன்னா, எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசையும் ஜாஸும் வாசிப்பவர்.

வெஸ் மான்ட்கோமரியை விட்டுவிடக் கூடாது. பகலில் ஆலை வேலை, இரவில் கிளப்பில் வாசிப்பு என்று வாழ்ந்தவர், பெரிய குடும்பம். வீட்டில் பழகும் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருந்ததால், பிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டை விரலால் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். அந்தக் கட்டை விரல் ஒலியைத்தான் இன்றும் உலகம் முழுக்க கிட்டார்காரர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர் வாசித்தது விலை உயர்ந்த கூட்டு கிட்டார்தான். ஆனால், அந்த இதம் பிறந்த இடம் விரல்.

கூட்டு கிட்டாருக்கென்று ஒரு மணம் உண்டு. அதைப் பலகையில் நூற்றுக்கு நூறு கொண்டுவர முடியாது. ஆனால், பெரும்பகுதி தூரத்தைக் கையும் காதும் ஒரு செட் ஸ்ட்ரிங்கும் கடந்துவிடும். மிச்ச தூரத்துக்கு மட்டும் பணம் போதும். அதுவும், பழைய தவணை முடிந்த பிறகு!

1982-ல் பிரான்ஸில் தொடங்கிய இசைத் திருநாள், ஜூன் 21 அன்று புதுச்சேரியிலும் கொண்டாடப்படுகிறது. அங்கே போய் வாசிக்க வேண்டும் என்று அந்தத் தம்பிக்கு ஆசை இருந்தால், கையில் இருக்கும் கிட்டாரே போதும்.

மறுநாள் இரவு. பிக்-அப் மாறியிருக்கிறது, டோன் நாப் பாதியில் நிற்கிறது, பிக் மேஜை மேல் கிடக்கிறது. அடுப்பங்கரையிலிருந்து அதே குரல்.

"டேய், ரேடியோவை அணைச்சிட்டுச் சாப்பிட வாடா."

"ரேடியோ இல்லக்கா... நான்தான்!"