பேனாக்கத்திக்கு ஒரு பரிந்துரை

கத்தி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது. சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டத்தில் ஓர் அன்பர், "விடுதி மாடியில் ஞாயிறுதோறும் சிலர் கத்தியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்களாமே, அவர்கள் நம் சங்கத்தாரா?" என்று கேட்டார். ஆம், சங்கத்தார்தாம், அவர்களுள் நானும் ஒருவன். கேள்வியில் இருந்த ஏளனத்தை நான் பொருட்படுத்தவில்லை. அதற்குப் பின்னால் இருந்த அச்சத்திற்கு மட்டும் விடை சொல்லியாக வேண்டும். விடுதியில் எவரிடமும் எவ்வகைக் கத்தியும் இருத்தலாகாது என்று விதி செய்யலாமா என்ற பேச்சு இப்போது நடந்துவருகிறது. நம் சங்கத்தின் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள். அத்தகைய விதி வேண்டா என்றே நாம் சொல்லவேண்டும் என்பது என் துணிபு.

நாங்கள் பேசுவது எந்தக் கத்தியை என்று முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். பொத்தானை அழுத்தினால் சீறிக்கொண்டு வெளிவருமே, அந்தக் கத்திக்கு எங்கள் கூட்டத்தில் இடமில்லை. நகத்தால் பற்றி இழுத்தால் திறக்கிற, விரல் நீளமே உள்ள பழைய மடக்குக் கத்திதான் எங்களுடையது. ஊரில் பேனாக்கத்தி என்பார்கள். இறகுப் பேனாவைச் சீவுவதற்கென்று பிறந்ததால் வந்த பெயர்; இறகு போயிற்று, பெயர் நின்றுவிட்டது. பிடிக்குள் முதுகுப்புறமாக ஒரு வில்தகடு இருக்கும். அது அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருக்கும். திறந்தாலும் மூடினாலும் அலகு தன் இடத்தில் நிற்பது அந்த அழுத்தத்தால்தான். வேறு பூட்டு இல்லை. ஆகையால் இதைக்கொண்டு ஒருவரைக் குத்தப் போகிறவன் தன் விரலைத்தான் முதலில் அறுத்துக்கொள்வான்.

அலகு தடையின்றி வழுக்கி வருவதையும், நிற்குமிடத்தில் 'டக்'கென்று ஓசை எழுவதையும் சேர்த்து, ஆங்கிலம் பேசும் நாடுகளில் இக்கத்தியில் ஈடுபாடு கொண்டவர்கள் 'நடையும் பேச்சும்' என்பார்கள். எங்கள் மாடியிலும் புதுக் கத்தி ஒன்று வந்தால், "நடை எப்படி? பேச்சு எப்படி?" என்பதே முதற்கேள்வி. மாட்டுச் சந்தையில் காளையின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான்!

மாடியில் அப்படி என்னதான் நடக்கிறது? ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே ஆராய்ச்சி செய்யும் ஒருவர் எங்கள் எல்லாருக்கும் அண்ணாச்சி. இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் தோட்டக்காரர் மகன் ஒருவன், தன் தகப்பனார் ஒட்டுக்கட்டப் பயன்படுத்திய கத்தியைக் கொண்டுவந்திருக்கிறான். நடுவில் ஒரு தீட்டுக்கல், ஒரு குவளைத் தண்ணீர், பழைய செய்தித்தாள். கல்லின்மேல் கத்தியைக் கிடத்தி, அதன் முதுகை இரண்டு மூன்று நாணயங்களின் உயரத்திற்குத் தூக்கி, அந்தச் சாய்வு மாறாமல் இழுக்கவேண்டும். எளிதாகத் தோன்றும்; செய்து பார்த்தால்தான் தெரியும். புதிதாக வருகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவான். "தம்பி, கல்லோட சண்டை போடாதீய. கத்தியோட கனமே போதும்" என்பார் அண்ணாச்சி. தீட்டி முடித்தபின் செய்தித்தாளின் ஓரத்தில் வைத்து இழுத்துப் பார்ப்போம். கிழியாமல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. பிறகு அன்றைய பழம் வரும். குளிர்காலமென்றால் அலகாபாத்துக் கொய்யா. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்வோம். தை பிறந்ததும் அண்ணாச்சிக்கு ஊரிலிருந்து பனங்கிழங்குப் பொட்டலம் வரும். அவித்த கிழங்கின் நரம்பை உரித்து, துண்டு போட்டு, டில்லிப் பனியில் உட்கார்ந்து தின்னும் சுகத்தை எழுத்தில் சொல்ல எனக்கு வல்லமை போதாது.

இந்தக் கூட்டத்தில் எவரும் அறிவிப்புப் பலகையைப் பார்த்து வந்து சேரவில்லை. "கத்தி இருக்கிறதா?" என்று கேட்டு வந்தவர்களே எல்லாரும். வீட்டிலிருந்து வந்த பார்சலின் கயிற்றை அறுக்க வந்தான் ஒருவன். முதலாண்டு மாணவன், வந்த பத்து நாளாக எவரோடும் பேசியதில்லை. கயிறு அறுந்தது, முறுக்கு வெளியே வந்தது, அவன் உட்கார்ந்தான். அதற்கடுத்த வாரம் தானே தீட்டக் கற்றுக்கொண்டான். சட்டைப்பையில் சிறு கத்தி வைத்திருப்பவனிடம் நாளொன்றுக்கு இரண்டு பேராவது ஏதேனும் கேட்டு வருவார்கள். பெரிய நூல்களை வைத்திருப்பவனிடம் அத்தனை பேர் வருவதில்லை என்பதை இப்பல்கலைக்கழகத்தில் கண்கூடாகக் காண்கிறேன்.

நட்புக்கும் கத்திக்கும் உள்ள தொடர்பு நாங்கள் புதிதாகக் கண்டதன்று. இங்கிலாந்து, பிரான்சு, இத்தாலி நாடுகளில் ஒருவர் நண்பருக்குக் கத்தி பரிசளித்தால், பெற்றவர் உடனே ஒரு காசு திருப்பித் தருவது பழைய வழக்கம். இலவசமாகப் பெற்ற கத்தி நட்பை அறுத்துவிடுமாம். காசு கொடுத்துவிட்டால் விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும். நம் வீடுகளில் பாட்டிமார் என்ன சொல்கிறார்கள்? கத்தியைக் கையில் கொடுக்காதே, கீழே வை, நான் எடுத்துக்கொள்கிறேன், கையில் கொடுத்தால் சண்டை வரும் என்கிறார்கள். கடல் கடந்த இரு மக்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே அச்சத்தை வளர்த்திருக்கிறார்கள் பாருங்கள்! எங்கள் மாடியில் இரண்டு வழக்கமும் உண்டு. பரிசுக் கத்திக்கு ஒரு ரூபாய் நாணயம். கைமாறும்போது மூடித் தரையில் வைத்தல். மூடநம்பிக்கை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். திறந்த அலகை எவர் கையிலும் திணிக்காத மூடநம்பிக்கை நல்லதுதான்.

பிரான்சு நாட்டுக் கிராமங்களில் அவரவர் கத்தியை அவரவரே சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவது பழைய வழக்கம். வீட்டுப் பெரியவர் தம் கத்தியை மடக்கும் ஓசை கேட்டால் உணவு முடிந்தது என்று அந்நாளில் பொருள். அந்நாட்டின் சவாய் மலைப்பகுதியில் 1890-ஆம் ஆண்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் உருவாக்கிய மரப்பிடிக் கத்தி, உழவரும் இடையரும் வாங்கக்கூடிய எளிய பொருளாகவே பரவிற்று. அலகு மடங்கி விரலை அறுக்காமலிருக்க, 1955-இல் அதன் கழுத்தில் ஒரு சுழல் வளையம் சேர்த்தார்கள். குழந்தைகளுக்கென்று முனை மழுங்கிய கத்தியும் அதே பெயரில் செய்கிறார்கள். அமெரிக்காவில் பிராட்ஃபோர்டு நகரத்துக் கேஸ் கத்திகளில் அலகின் அடியில் புள்ளிகள் இருக்கும். 1970-இல் பத்துப் புள்ளிகளோடு தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். அந்தப் புள்ளிகளை எண்ணி, "இது இன்ன ஆண்டுக் கத்தி" என்று சொல்லி மகிழ்பவர்கள் அந்நாட்டில் பலர்.

இதெல்லாம் மேனாட்டு வழக்கம், நமக்கு எதற்கு என்று கேட்பீர்களானால், மடக்கெழுத்தாணியை நினைவூட்டுகிறேன். ஓலையில் எழுதிய காலத்தில் ஒரு புறம் எழுத்தாணியும் மறுபுறம் ஓலையை வாரும் கத்தியுமாக, இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளும்படி அமைந்த கருவி அது. எழுத்தாணி வகைகளை உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் விளக்கியிருக்கிறார். ஆக, தமிழ் மாணவன் கையில் மடக்குக் கத்தி இருந்தது. அது படிப்புக்குரிய கருவியாகவே இருந்தது. ஏடு வாரத் தெரியாதவனுக்குப் பாடம் எழுதிக்கொள்ள ஏது வழி?

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். மாணவர் சண்டையில் கத்திக்குத்து என்ற செய்தி ஏடுகளில் வரத்தான் செய்கிறது. ஒரு விடுதிக்குப் பொறுப்பேற்றவர் அஞ்சுவதில் வியப்பில்லை. நான் அந்த இடத்தில் இருந்தால் நானும் அஞ்சுவேன். ஆனால் அஞ்சிச் செய்யும் விதி எவரைத் தாக்குகிறது என்று பார்க்கவேண்டும். ஜப்பானில் மிக்கி என்ற ஊரில் செய்யும் ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி பள்ளிப் பிள்ளைகளின் பையில் பென்சிலோடு பென்சிலாகக் கிடந்தது. 1960 அக்டோபரில் சோஷலிஸ்டுத் தலைவர் அசனுமா மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது 17 வயது இளைஞன் ஒருவன் அவரைக் குத்திக் கொன்றான். அதன்பின் பிள்ளைகளிடம் கூரிய பொருளே இருத்தலாகாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவிற்று. குத்தியது குறுவாள், தண்டனை பேனாக்கத்திக்கு! பென்சில் சீவும் கை அந்நாட்டில் ஒரு தலைமுறையில் மறைந்தது. பின்னர் 1980-களில் நாகானோ மாநிலத்துத் தொடக்கப்பள்ளி ஒன்று, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதே கத்தியைக் கொடுத்துப் பென்சில் சீவக் கற்பிக்கத் தொடங்கியது. ஆறு வயதுப் பிள்ளையிடம் அந்தப் பள்ளி வைத்த நம்பிக்கையை இருபது வயது ஆராய்ச்சி மாணவனிடம் நம் விடுதி வைக்கக்கூடாதா?

நம் சட்டங்கள் இவ்வளவு கண்மூடித்தனமானவை அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்திற்கு மேற்பட்ட நீளமோ 2 அங்குலத்திற்கு மேற்பட்ட அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுதமாக எண்ணுகின்றன. வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் செய்த கருவிகளை விலக்கிவிடுகின்றன. டில்லியில் 1980-இல் வந்த அறிவிப்பு இன்னும் கடுமையானது. பொத்தானாலோ வில்லாலோ பிற பொறியாலோ இயங்கும் கத்திகளில், அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினால் அது கட்டுப்பாட்டுக்குள் வரும். 7.62 சென்டிமீட்டர் என்பது சரியாக 3 அங்குலம். இங்கிலாந்தின் 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் பொதுவிடத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு இதே 3 அங்குலத்தை எல்லையாக வைத்தது. சட்டம் செய்தவர்களே கத்திக்கும் கத்திக்கும் வேற்றுமை காணும்போது, விடுதி விதி மட்டும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவானேன்?

வேற்றுமை காணாததால் வரும் கேட்டுக்கு இராம்பூர் சான்று. மொராதாபாத்தைக் கடந்து பரேலி செல்லும் இரயில் வழியில் உள்ள ஊர். நவாபுகள் காலத்திலிருந்து அங்கே வேலைப்பாடமைந்த பிடிகளோடு மடக்குக் கத்தி செய்தார்கள். இந்தித் திரைப்படங்கள் அதை எடுத்து வில்லன் கையில் கொடுத்தன. ஊரின் பெயரே அச்சத்தின் பெயராகிவிட்டது. 1990-களில் 4.5 அங்குலத்திற்கு மேற்பட்ட அலகுக்குத் தடை வந்தது. தொழில் நலிந்தது. பிறகு 2023-இல் அந்த ஊரிலேயே சுமார் 20 அடி நீளக் கத்தி ஒன்றைச் சிலையாக நிறுத்தினார்கள். செய்கிறவன் பட்டறையில் வேலை இல்லை. நாற்சந்தியில் நினைவுச் சின்னம்!

எங்கள் பக்கத்தாரிடமும் எனக்குச் சொல்ல இருக்கிறது. கத்திகளை வாங்கிப் பஞ்சுப் பெட்டியில் அடுக்கி, கொய்யாப் பழச்சாறு பட்டால் கறுத்துவிடும் என்று கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பூசை செய்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். பழைய வகை எஃகு கறுக்கத்தான் செய்யும். வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணை கறுப்பதில்லையா? அண்ணாச்சியின் கத்தியில் நீலமும் சாம்பலுமாகப் படர்ந்திருக்கும் கறையில் நாங்கள் சேர்ந்து தின்ற மாம்பழமெல்லாம் இருக்கிறது. அதைவிட ஆயிரம் ரூபாய் அதிகம் பெறும் பளபளப்புக் கத்தியை எவரும் இரவல் கேட்பதில்லை. இன்னொரு வகையினர், பேசும்போதே கத்தியை விரித்து மடக்கி வித்தை காட்டுகிறவர்கள். அப்படி ஒருவன் வந்தான். இரண்டாம் வாரம் அவனைப் போகச் சொல்லிவிட்டோம். இரக்கமில்லாத செயல் என்று சிலர் வருந்தினார்கள். நான் வருந்தவில்லை.

ஆகவே விதி வேண்டுமென்றால் இப்படி இருக்கட்டும்: அலகு 3 அங்குலத்திற்குக் குறைவு, பொத்தானும் விசையும் இல்லை, விடுதி வாயிலைத் தாண்டிக் கொண்டுபோவதில்லை, பிறர் கண்முன்னே திறப்பது, மூடியே கைமாற்றுவது, மீறுகிறவனின் கத்தி அலுவலகப் பெட்டிக்குப் போகும். இவற்றை நாங்கள் எழுதாமலே கடைப்பிடித்து வருகிறோம். எழுதித் தந்தால் கையொப்பமிடவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

சென்ற வாரம் விடுதிச் சமையற்கூடத்திலிருந்து ஏழு கத்திகளை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு சமையற்காரர் மாடிக்கு வந்தார். மழுங்கிய கத்தி தக்காளியில் வழுக்கி விரலில் ஏறுகிறது என்றார். நான்கை அன்றே தீட்டிக் கொடுத்தோம். மூன்று மிச்சம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றன் வாய் முழுவதும் பல் பல்லாகப் போயிருக்கிறது, ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டும். வரும் ஞாயிறு ஐந்து மணிக்கு உட்காருகிறோம். கூட்டத்தில் கேள்வி கேட்ட அன்பரும் வரலாம். கல்லில் இரண்டு பேர் உட்கார இடமிருக்கிறது.