செல்போன் காட்டுது குறுக்கு வழி... படிக்கட்டில் இறங்குது கார்!

கூடலூரில் ஒரு கார் படிக்கட்டில் மாட்டிக்கொண்டு நின்றது!

2024 ஜனவரி கடைசியில் நடந்த சம்பவம் இது. லீவுக்கு வந்துவிட்டு கர்நாடகாவுக்குத் திரும்பியவர்கள், செல்போனில் கூகுள் மேப்பைப் போட்டார்கள். "சீக்கிரம் போற வழி இதுதான்" என்று அது காட்டியது. போலீஸ் குடியிருப்பு வழியாகப் போனார்கள். ரோடு முடிந்து படிக்கட்டு வந்தது. காரும் இறங்கி விட்டது. பாதியில் நிறுத்திவிட்டு கூப்பாடு போட்டார்கள். அக்கம்பக்கத்தாரும் போலீசாரும் வந்து, மெல்ல மெயின் ரோட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

பேப்பரில் படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லீங்க.

ஆற்றில் பாய்ந்த கார்

2023 அக்டோபரில் கொச்சி அருகே, மழை கொட்டிய நள்ளிரவில் 5 பேர் சென்ற கார் பெரியாற்றில் பாய்ந்தது. 2 இளம் டாக்டர்கள் பலியானார்கள். மேப் சொன்ன வழியில் வந்ததாக அப்போது சொல்லப்பட்டது.

2024 நவம்பரில் உத்தரபிரதேசம் பரேலி அருகே இன்னொரு கொடுமை. அங்கே வெள்ளம் பாலத்தில் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயிருந்தது. மேப்பிலோ பாலம் முழுசாக இருந்தது! அதை நம்பி வந்த கார் ராமகங்கா ஆற்றில் விழுந்தது. 3 பேர் பிணமானார்கள்.

போலீசார் யார் மேல் வழக்குப் போட்டார்கள் தெரியுமா? பொதுப்பணித்துறை என்ஜினீயர்கள் மேலும்தான். பாலத்தின் முகப்பில் உருப்படியான தடுப்பும் இல்லை, போர்டும் இல்லை என்பது குற்றச்சாட்டு.

நான் சொல்ல வருவதும் அதுதான். செல்போனைத் திட்டினால் மட்டும் போதுமா? அதற்கு தூரம் தெரியும். எந்த ரோட்டில் எத்தனை வண்டி ஊர்ந்து போகிறது என்று தெரியும். லட்சுமி மில்ஸ் பக்கம் நெரிசல் என்று முன்கூட்டியே சொல்லி அரைமணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். அந்த உபகாரத்தை மறுக்க முடியாது. ஆனால் சாலையின் நிலவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறவர்கள்தானே?

ஊட்டியில் இருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்குப் போனால் தூரம் பாதி. கூடலூரைச் சுற்ற வேண்டியதில்லை. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு! 2018-ல் அங்கே ஒரு கார் பள்ளத்தில் உருண்டு பல பேர் செத்தார்கள். விபத்து நடந்ததே இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அதன் பிறகுதான் வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை போட்டார்கள். தலைகுந்தாவில் போலீசார் வழிமறித்துத் திருப்புகிறார்களே, சும்மாவா?

திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் ராத்திரி நேரத்தில் வண்டிகளுக்குத் தடை. சத்தி வழியே மைசூருக்கு வழி சுருக்கம் என்று நம்பி நேரங்கெட்ட நேரத்தில் பண்ணாரி போய்ச் சேர்ந்தால், விடியும் வரை காரிலேயே தூங்க வேண்டியதுதான்!

பாலத்தடியில் தண்ணீர்

மலையை விடுங்கள், நம்ம கோவைக்கு வாருங்கள். ஒரு மழை அடித்தால் லங்கா கார்னர் பாலத்தடி என்ன ஆகும்? டவுனில் கடை வைத்திருக்கிற எந்த அண்ணாச்சியைக் கேட்டாலும் சொல்வார். கிக்கானி ஸ்கூல் பாலத்தடியும் அதே கதைதான். 2024 அக்டோபர் மழையில், சிவானந்தா காலனி ரெயில்வே பாலத்தடியில் பஸ்ஸே மாட்டிக்கொண்டது. பஸ்சின் கதியே அது என்றால் ஸ்கூட்டரில் வரும் குமாஸ்தா என்ன செய்வார்? அதுவும் ஊருக்குப் புதுசு என்றால்?

இந்த இடங்கள் மாநகராட்சிக்குத் தெரியாதவை இல்லை. போலீசாருக்கும் தெரியும். தண்ணீர் ஏறிய பிறகு இரும்புத் தடுப்பை இழுத்துப் போடுகிறார்கள். வண்டி அதற்குள் இறக்கத்தில் வந்து விடுகிறது. பின்னால் பத்து வண்டி. திரும்ப வழியில்லை.

திரும்புவதற்கு இடம் இருக்கிற முந்தின முக்கிலேயே போர்டு வைக்க வேண்டும். ராத்திரியிலும் தெரிகிற மாதிரி, தமிழில் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். எந்தப் பாலத்தடியை மூடினாலும் அதே நிமிஷம் மேப் கம்பெனிக்கும் தகவல் போக வேண்டும். அதை அனுப்ப ஒரு ஆளை நியமித்தால் என்ன?

அதுவரை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. கண்ணாடியை இறக்கி, டீக்கடையில் நிற்பவரிடம், "ஏனுங்கண்ணா, இந்தத் தடத்துல கார் போகுங்களா?" என்று கேளுங்கள். போகாது என்றால் அவர் வேறு தடமும் சேர்த்துச் சொல்வார். காசு கேட்க மாட்டார்.