விதியா, வாய்ப்பூட்டா?

 

2025 மழைக்காலக் கூட்டத்தொடரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பீகாரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஜூன் 24 அன்று அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 1 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இது குறித்து விவாதிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் நாள்தோறும் கேட்டன. கிடைத்த பதில் என்ன? விஷயம் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறதாம். ஆகவே அவையில் பேசக்கூடாதாம்! ஆகஸ்ட் 21 அன்று கூட்டத்தொடரே முடிந்து போனது.

அதே ஆகஸ்டில் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? விடுபட்ட 65 லட்சம் பேரின் பட்டியலை, காரணத்தோடு வெளியிடுமாறு ஆணையத்துக்கு உத்தரவிட்டது. நீதிபதிகள் திறந்த மன்றத்தில் கேட்ட கேள்வியை, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அவையில் கேட்டால் மட்டும் நீதி கெட்டுவிடுமா?

வேடிக்கை இதோடு முடியவில்லை. டிசம்பர் 9, 10 தேதிகளில் மக்களவையில் ‘தேர்தல் சீர்திருத்தம்’ என்ற தலைப்பில் விவாதம் நடந்தது. இரு தரப்பும் தீவிரத் திருத்தத்தைப் பற்றித்தான் பேசின. வழக்கு முடிந்திருந்ததா? இல்லை, நிலுவையில்தான் இருந்தது. தலைப்பு மாறியதும் பூட்டு திறந்துகொண்டது!

மக்களவை நடைமுறை விதி 352ஐப் பாருங்கள். நீதிமன்ற முடிவுக்குக் காத்திருக்கும் ‘உண்மைச் சங்கதி’ எதையும் உறுப்பினர் தம் பேச்சில் குறிப்பிடக்கூடாது என்கிறது அது. வணிகர்களுக்கு இது எளிதில் புரியும். உங்கள் கடை வாடகை வழக்கு முன்சீப் கோர்ட்டில் கிடக்கிறது. பாக்கி வைத்தது யார் என்று அவையில் பேசுவது தவறு. வாடகைச் சட்டமே நியாயம்தானா என்று பேசுவது எப்படித் தவறாகும்? தீர்மானங்களுக்கான விதிகள் இன்னும் கண்டிப்பானவை என்பது உண்மைதான். ஆனால் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அவையும் கைவிட்டதில்லை.

இளைஞர்களே, கோபத்தில் ‘இந்த விதியே வேண்டாம்’ என்று சொல்லிவிடாதீர்கள். இது அதிகம் தேவைப்படுவது எளியவர்களுக்குத்தான். ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும் ஒரு விசாரணைக் கைதியை, அமைச்சர் ஒருவர் அவையில் எழுந்து ‘பயங்கரவாதி’ என்று சொல்லிவிட்டால்? அரசியல் சட்டத்தின் 105ஆவது பிரிவு அந்தப் பேச்சுக்குக் காப்பு. வழக்குப் போட முடியாது. சிறையில் இருப்பவன் அவைக்கு வந்து பதில் சொல்லவும் முடியாது. அவனுக்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. (நம் மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் விசாரணை முடியுமுன்பே தீர்ப்பு எழுதுகிற பழக்கம் உண்டு. அதையும் இங்கேயே ஒப்புக்கொள்வோம்.)

நீதிமன்றத்தின் மீது இத்தனை மரியாதை காட்டுகிறவர்களுக்கு 1993 நினைவிருக்கிறதா? அயோத்தி நிலக் கையகப்படுத்தல் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பாபரி மஸ்ஜித் குறித்து நிலுவையில் இருந்த உரிமை வழக்குகள் அனைத்தும் அற்றுப்போகும் என்று அதில் 4(3) உட்பிரிவு சொன்னது. நிலுவை வழக்கைப் பேசக்கூடாது என்கிற அவை, நிலுவை வழக்கையே சட்டத்தால் முடித்து வைக்கத் துணிந்தது! 1994 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உட்பிரிவைச் செல்லாது என்றது. வழக்குகள் உயிர் பெற்றன.

அடுத்த கூட்டத்தொடரில் ‘நீதிமன்றத்தில் இருக்கிறது’ என்ற பதில் வந்தால், உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்: எந்த வழக்கு, அதில் எந்தச் சங்கதி முடிவாகவில்லை, பேசினால் யாருடைய நியாயம் கெடும்? மூன்றுக்கும் அவர் பதில் வைத்திருந்தால் அவர் மௌனமாக இருக்கட்டும். இல்லையென்றால் எழுந்து பேசச் சொல்லுங்கள்.