ஈரமில்லா உவமை

'பாம்பு சட்டையை உரிப்பதுபோல' என்னும் உவமையைக் கையாளாத தமிழ்க் கவிஞரைக் காண்பது அரிது. துயரை மறந்தவனுக்கும் அதுவே உவமை. ஊரைத் துறந்தவளுக்கும் அதுவே. ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்குத் தாவியவரைச் சாட மேடைப் பேச்சாளர் எடுத்துக்கொள்வதும் அதுவே. உரித்தல் எளிது, ஒரு நெளிவில் முடிந்துவிடுவது என்னும் எண்ணத்தின் மேல்தான் இவ்வுவமை நிற்கிறது. இலக்கியத்தில் ஈடுபாடு கொண்ட நாங்களும் பல்லாண்டுகளாக அப்படியே எண்ணி வந்தோம். அது பாதிப் பொய். அப்பொய்யின் விலையை ஒரு வாயில்லா உயிர் கொடுக்க நேர்ந்தது.

எங்கள் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கனடாவில் வசிக்கிறார். 2018ஆம் ஆண்டு அவர் ஒரு பந்து மலைப்பாம்பை வாங்கினார். மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் வாழும் இனம் அது, நஞ்சில்லாதது, அஞ்சினால் தலையை நடுவே மறைத்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். கண்ணாடிப் பெட்டி, கம்பிவலை மூடி, வெப்ப விளக்கு, ஒட்டிவைக்கும் முள் ஈரமானி, நீர் தெளிக்கும் புட்டி என அனைத்தையும் கடையில் சேர்த்தே கொடுத்தார்கள். 'நாய் பூனைபோல் அல்ல, தொல்லையே தராது' என்ற உறுதிமொழியும் இலவசமாகக் கிடைத்தது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் பாம்பு தோலுரித்தபோது, பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிழிந்து கிடந்த சட்டையைப் படமெடுத்து நண்பர் எங்களுக்கு அனுப்பினார். எங்களுள் ஒருவர் அதைக் கண்டு கவிதை எழுதினார். கடந்த காலத்தைக் கிழித்தெறியும் வீரம் என்பது அதன் பொருள். நாங்கள் எல்லோரும் பாராட்டினோம்.

நலமாக இருக்கும் பாம்பின் சட்டை கிழிவதில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது. வாயோரத்தில் பிரியத் தொடங்கி, காலுறையைக் கழற்றுவதுபோல் உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி, வால் நுனிவரை அது ஒரே துண்டாகக் கழலும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் அச்சட்டையோடு சேர்ந்தே வரவேண்டும். எங்கள் நண்பரின் பாம்புக்கு அது வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. மருத்துவரிடம் கொண்டுசென்றபோது கண்களின்மேல் இரண்டு அடுக்குப் பழந்தோல் ஒட்டியிருந்தது. வால் நுனியில் வளையமாக இறுகிய தோல் குருதியோட்டத்தை நிறுத்திவிட்டிருந்தது. கறுத்துப்போன அந்நுனியை வெட்டி எடுத்தார்கள். நாங்கள் பாராட்டிய வீரம் இதுதான்.

உரித்தல் எவ்வாறு நிகழ்கிறது என்று பார்ப்போம். பழந்தோலுக்கு அடியில் புதுத்தோல் முதலில் முழுமையாக உருவாகிறது. பின்னர் இரண்டுக்கும் இடையே நீர்மம் சுரக்கிறது. உடல் நிறம் மங்கும், கண் பால்நீலமாகும், பார்வை குன்றிய பாம்பு ஒடுங்கிக் கிடக்கும். சில நாட்களில் கண் தெளியும். அதன்பிறகு மேலும் சில நாட்கள் கழித்தே சட்டை கழலும். ஆக, உரித்தல் என்பது முழுக்க முழுக்க ஈரத்தின் வேலை. சுற்றியுள்ள காற்று வறண்டால் பழந்தோல் பிரிவதற்கு மாறாகப் புதுத்தோலோடு ஒட்டிக் காய்கிறது. வறட்சியில் பாம்பு எதையும் துறப்பதில்லை. கடந்த காலத்தை அடுக்கடுக்காகச் சுமக்கிறது. கவிதைக்கு இது இன்னும் நல்ல உவமை அல்லவா என்று எவரேனும் கேட்டால், எங்களிடம் விடையில்லை. சினம் மட்டுமே உண்டு.

'தொல்லை தராத பிராணி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பாம்பு குரைப்பதில்லை, கீறுவதில்லை, வாசலில் நின்று அழுவதில்லை. துன்பத்தை நமக்கு விளங்கும் மொழியில் சொல்ல அதற்கு வழியில்லை. அதன் மௌனத்தை நிறைவு என்று விற்பது வணிகம். அம்மௌனத்தை ஞானம் என்று எழுதுவது இலக்கியம். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்தது எண் மயக்கம். பந்து மலைப்பாம்புக்கு ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காடு, அமெரிக்கச் சோளப்பாம்புக்கு 40 முதல் 60 விழுக்காடு என்று கையேடுகள் கூறுகின்றன. நல்லது. ஆனால் அவ்வெண்ணை எதைக்கொண்டு, பெட்டியின் எவ்விடத்தில் அளக்கிறோம்? கண்ணாடிச் சுவரின் உச்சியில் ஒட்டிய மலிவான முள் மானி உண்மை சொல்லும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சொன்னாலும், தரையில் கிடக்கும் பாம்பைப் பற்றி அது சொல்வதில்லை. மின்னணு ஈரமானிகள் இரண்டை வாங்கி, வெப்பமான மூலையில் ஒன்றும் குளிர்ந்த மூலையில் ஒன்றும் தரைமட்டத்தில் வைக்கவேண்டும். மானியின் நேர்மையைச் சோதிக்கச் சமையலறை உப்பே போதும். சிறு கிண்ணத்தில் உப்பைச் சில துளி நீர்விட்டுச் சேறுபோல் குழைத்து, மானியோடு காற்றுப் புகாத பெட்டியில் வைத்து மூடி, ஒருநாள் கழித்துப் பார்த்தால் அது 75 விழுக்காட்டை ஒட்டிக் காட்டவேண்டும். எவ்வளவு பிசகுகிறதோ, அவ்வளவே அதன் பொய்.

ஈரப்பதம் என்பது தனித்து நிற்கும் எண்ணும் அன்று. வெப்பத்தின் நிழல் அது. சூடான காற்று கூடுதலான நீராவியை ஏற்கும். ஆகவே நீராவியின் அளவு மாறாமல் காற்றைச் சூடாக்கினால் ஈரப்பதம் சரியும். வெளியே உறைநிலைக்குக் கீழே 10 பாகையில் நீராவி நிறைந்து நிற்கும் கனடாக் காற்றை 22 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 11 விழுக்காடாக வீழ்ந்துவிடும். வீட்டின் சமையலும் குளியலும் மனித மூச்சும் அதைச் சற்றே உயர்த்தும். பிறகு பெட்டிக்குள் வெப்ப விளக்கு மீண்டும் அதை உலர்த்தும். கம்பிவலை மூடி வழியே எஞ்சியதும் வெளியேறும். நண்பர் காலை மாலை தெளித்த நீர், மானியின் முள்ளை அரைமணி நேரம் மகிழ்வித்தது, அவ்வளவே.

'சென்னையில் இக்கவலை ஏது? கடற்கரை ஊர், காற்றே பிசுபிசுக்கிறதே' என்பார் உண்டு. குளிர்பதனம் ஓடும் அறையில் கடற்கரை இல்லை, நண்பர்களே. 24 பாகையில் 50 விழுக்காடு ஈரம் உள்ள அறைக்காற்று, விளக்கின் கீழ் 32 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 32 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அது பாலைவனத்துக்கு அண்டை வீடு.

காய்தல் கேடு என்றால் நனைத்தே வைத்துவிடலாமே என்று கிளம்புவோர் மற்றொரு கொடுமையைச் செய்கிறார்கள். காற்றோட்டமற்ற சொதசொதப்பில் கிடக்கும் பாம்பின் அடிவயிற்றுச் செதில்களில் கொப்புளம் எழுந்து புண்ணாகும். ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் மூச்சுறுப்பில் தொற்று வரும். பாம்புக்கு உதரவிதானம் இல்லை. நம்மைப்போல் வலுவாக இருமிச் சளியை வெளியேற்ற அதனால் இயலாது. வாயைத் திறந்து, தலையை உயர்த்தி மூச்சுக்குத் திணறும் நிலையில் கண்டால், அது படமெடுக்கப் பொருத்தமான அழகு அன்று. மருத்துவரிடம் ஓடவேண்டிய வேளை.

அப்படியானால் செய்யவேண்டியது யாது? பழைய நூல் ஒன்று எங்களுக்கு வழிகாட்டியது. பிருகதாரண்யக உபநிடதத்தில் உடலை விட்ட நிலைக்குப் பாம்புச்சட்டை உவமையாக வருகிறது. அங்கே சட்டை வெறுமனே கிடப்பதில்லை, புற்றின்மேல் கிடக்கிறது. உவமையைக் கடன் வாங்கிய நாங்கள் இதுகாறும் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு புற்றை விட்டுவிட்டோம். கரையான்கள் மண்ணைக் குழைத்து எழுப்பும் புற்றின் உள்ளே, வெளியே வெயில் காயும்போதும் ஈரமும் மிதமான வெப்பமும் நிலைக்கின்றன. ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு பகலில் ஒடுங்குவதும் கரையான் புற்றுகளிலும் எலி போன்றவை தோண்டிய வளைகளிலும்தான். மேலே வறண்ட புல்வெளி, உள்ளே ஈர இருள். வேண்டியபோது இங்கே, வேண்டாதபோது அங்கே. பாம்பு கேட்பது ஒரு விழுக்காட்டு எண்ணை அன்று, தேர்ந்துகொள்ளும் உரிமையை.

மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், நஞ்செடுக்கக் கொண்டுவரும் பாம்புகளை வாயில் துணி கட்டிய மண்பானைகளில் வைக்கிறார்கள். சில வாரங்களில் காட்டில் விட்டுவிடுகிறார்கள். மண்பானை மூச்சுவிடும் கலம் என்பது கோடையில் பானைநீர் குடித்த எவருக்கும் தெரியும். பாம்போடு தலைமுறை தலைமுறையாய்ப் பழகியவர்கள் தேர்ந்தது மண்ணை. பாம்பைக் காட்சிப்பொருளாய்க் கண்டவர்கள் தேர்ந்தது கண்ணாடியை. கண்ணாடி பார்ப்பவனுக்கானது.

வளர்ப்பவர் செய்யக்கூடியது அக்கண்ணாடிக்குள் ஒரு புற்றின் குணத்தைக் கொண்டுவருவதே. பொருள் நம் ஊருடையது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தொழிற்கூடங்களில் கட்டிகளாக அழுத்திக் கப்பலேற்றும் தென்னை நார்க்கழிவு, தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். அதை நான்கு விரற்கடை உயரத்துக்குக் குறையாமல் பரப்பி, நீரை மேலே தெளிக்காமல் மூலைகளில் ஊற்றவேண்டும். அடியடுக்கு ஈரமாகவும் மேலடுக்கு உலர்வாகவும் நிற்கும். வலைமூடியின் பெரும்பகுதியை மறைத்து, காற்றுக்குக் கொஞ்சம் வழி விடவேண்டும். நீர்க்கிண்ணம் அகலமாக இருத்தல் நலம். இவற்றோடு, ஈரப்பாசி நிரப்பி ஒரு துளையிட்ட மூடிய டப்பா ஒன்று. கண் பால்நீலமாகும் நாட்களில் பாம்பு தானே தேடிச் செல்லும் புற்று அதுதான். ஒட்டிய கண்செதிலை நகத்தால் பெயர்க்க முயல்வோரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள், கண்ணே போய்விடும்.

இவ்வளவும் கூறியதால் பாம்பு வளர்க்கத் தூண்டுகிறோம் என்று எவரும் கொள்ளவேண்டாம். நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு முதலிய நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது குற்றம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போரும் அரசிடம் பதியவேண்டும். ஆயினும் பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளிலிருந்து இவ்வினப் பாம்புகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் பலமுறை கைப்பற்றியிருக்கிறார்கள். துணிப்பைகளில் முடிச்சிட்டுக் கடத்தப்படும் அவ்வுயிர்களின் ஈரப்பதத்தை யார் அளந்தார்கள்?

எங்கள் நிலைப்பாடு இதுவே. ஒரு புற்றின் ஈரத்தை ஆண்டு முழுதும் காக்க இயலாதவருக்குப் பாம்பை வாங்கும் உரிமை இல்லை. பந்து மலைப்பாம்பு 20, 30 ஆண்டுகள் வாழக்கூடியது. அத்தனை ஆண்டுகளும் உப்புக் கிண்ணத்தோடும் ஈரமானியோடும் குடும்பம் நடத்த ஒப்புவோர் வளர்க்கட்டும், ஏனையோர் வேறு பொழுதுபோக்கைத் தேடட்டும். உவமை தேடி அலையும் எங்களைப் போன்றோர், எழுதுமுன் சட்டை ஒரே துண்டாகக் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்க்கட்டும்.

நண்பரின் பாம்பு பிழைத்தது. கண்செதில்கள் ஈரப் பாசியின் உதவியால் இரண்டு உரிப்புகளுக்குப் பின் தாமே விழுந்தன. வால் நுனி மட்டும் மீளவில்லை. அண்மையில் கழன்ற சட்டையை அளந்து படம் அனுப்பியிருந்தார். கிழிசல் இல்லை, கண் இருந்த இடத்தில் இரண்டு சிறிய தெளிந்த வட்டங்கள். இம்முறை எங்களில் ஒருவரும் கவிதை எழுதவில்லை.