உறங்கும் வைரசு

காய்ச்சல் விட்டதும் உதட்டோரம் கொப்புளங் கிளம்புவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது புதுத் தொற்றன்று. முகத்தின் உணர்ச்சி நரம்புக் கலங்களில் ஆண்டுக்கணக்காய் உறங்கிய ஹேர்பீஸ் வைரசு விழித்ததேயாம். கருவிழியைத் தாக்கின் அது பார்வையையும் பறிக்கும். இன்றைய மருந்துகளோ பெருகும் வைரசையே அடக்கும், உறங்குவதைத் தீண்டா.

உறங்குங்கால் அதன் பரம்பரையலகுகள் ஏறக்குறைய யாவும் மௌனஞ் சாதிக்க, ஓர் ஆர்.என்.ஏ. இழை மட்டும் ஏராளமாய் உண்டாவதை 1987இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். புரதம் எதனையும் ஆக்காத இழைதானேயென்று தள்ளிவிடற்க. இதிலிருந்து பிறக்கும் நுண்துண்டுகள், வைரசை எழுப்பும் புரதங்களின் ஆக்கத்தை அடக்க வல்லன என்பது 2008இற் புலனாயிற்று.

விந்தை யாதெனில், இவ்விழை நீக்கிய வைரசு முயல்களிற் சரிவர விழிப்பதில்லை. தாலாட்டுபவளே துயிலெழுப்பவும் உதவுகின்றாள்! நரம்புக் கலம் மாளாது இவ்விழை காப்பதே காரணமென்பர் சிலர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகின்றது.