முதலில் வாங்குபவர் யார்?

ஆராய்ச்சிக்கும் புத்தாக்கத்துக்குமென்று ஒரு லக்ஷம் கோடி ரூபாய் நிதியொன்றை ஏற்படுத்த 2025-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியன்று மத்திய மந்திரி சபை சம்மதித்தது. தனியார் கம்பெனிகள் நூதனப் பொருள்களை ஆராய்ந்து உருவாக்குவதற்கு வட்டியின்றியும் குறைந்த வட்டிக்கும் நெடுங்காலக் கடன் அளிப்பது அதன் நோக்கங்களுள் தலையாயது. இதற்கு முன்னரே, 2023-ல், அனுசந்தான் தேசீய ஆராய்ச்சி ஸ்தாபனச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியிருந்தது. அதன் மூலம் ஐந்து வருஷத்தில் 50,000 கோடி ரூபாய் திரட்டப்படுமென்றும், அதில் 36,000 கோடி பொக்கிஷத்துக்கு வெளியேயிருந்து வருமென்றும் சொல்லப்பட்டது. விஞ்ஞானத்துக்குப் பணம் ஒதுக்கும் சர்க்காரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. இரண்டையும் வரவேற்கிறோம். ஆயினும் ஒன்று கேட்கிறோம்: இந்தப் பணத்தைக் கொண்டு ஒருவன் புதிய பொருளொன்றைச் செய்துவிட்டால், அதை முதலில் வாங்குபவர் யார்?

கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இத்தேசத்தில் எழுதப்பட்ட கொள்கைகள் பலவும் விடை சொல்லாமல் விட்ட கேள்வி இதுவே. 1958-ல் விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானம் வந்தது. 1983-லும், 2003-லும், 2013-லும் புதிய அறிக்கைகள் வெளியாயின. 2020-ல் இன்னொரு நகல் பிரசுரமாயிற்று. தேச வருமானத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவோமென்று 2003-ஆம் வருஷத்து அறிக்கை உறுதி கூறியது. பத்து வருஷம் கழித்து வந்த அறிக்கையும் அந்த இரண்டு பங்கையே மறுபடி இலட்சியமாகக் கூறியது. 2020-21-ல் நாம் செலவிட்டது 0.64 பங்கு. தென் கொரியா அதே காலத்தில் ஏறக்குறைய ஐந்து பங்கு செலவிட்டது. அங்கே அச்செலவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கம்பெனிகள் ஏற்கின்றன. இங்கே கம்பெனிகள் ஏற்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

இதைக் கண்டதும் நம் முதலாளிகளுக்கு தேசாபிமானம் போதவில்லை என்று மேடைகளில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. போதவில்லை என்பது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் தேசாபிமானத்தை நம்பி மட்டும் ஒரு கைத்தொழில் பிழைத்ததில்லை. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தே அதை நெருக்கியது; அதிகார வர்க்கமும் துணை நின்றது. 1908-ல் பிள்ளையவர்கள் சிறை சென்றார். 1911-ல் கம்பெனி கலைந்தது. கப்பல் ஓட்டுவதைவிடக் கப்பலில் ஏறுவோரைத் தக்கவைப்பது கடினமென்பதை நம்மவர்களுக்குப் பிறர் வந்து போதிக்கவேண்டியதில்லை.

இத்தேசத்தில் சர்க்காரைக் காட்டிலும் பெரிய கொள்முதல்காரர் இல்லை. ஆஸ்பத்திரிக் கருவி, ரெயில் உதிரி, மின்மாற்றி, பள்ளிக்கூடத்துக் கணிப்பொறி, சேனைக்கு வேண்டிய தளவாடம் யாவற்றையும் அது வாங்குகிறது. எப்படி வாங்குகிறது? டெண்டர் விடுகிறது. போட்டியிடுவோன் சென்ற சில வருஷங்களில் இவ்வளவு வியாபாரம் செய்திருக்கவேண்டும், இதே பொருளை முன்னரே சர்க்காருக்குக் கொடுத்திருக்கவேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. தேறியவர்களுள் குறைந்த விலை கேட்டவனுக்கு ஆர்டர் போகிறது. அரிசியும் சிமெண்டும் வாங்க இது உத்தமமான முறை. இதுவரை எவரும் செய்திராத பொருளை முன்னரே கொடுத்த அத்தாட்சியோடு வா என்றால், அந்த மனிதன் எங்கே போவான்?

இந்தக் குறை டெல்லிக்குத் தெரியாததன்று. 2016 முதல் புதுத் தொழில் கம்பெனிகளுக்கு முன் அநுபவமும் வியாபார அளவும் வேண்டாமென்று தளர்த்தினார்கள். தளர்த்துவதும் தளர்த்தாததும் பெரும்பாலும் அதிகாரியின் சித்தமாக நின்றுவிட்டது. 2021 அக்டோபரில் நிதி இலாகா, விலையோடு தரத்தையும் எடைபோடலாம், தரத்துக்கு நூற்றுக்கு முப்பது வரை மதிப்பிடலாம் என்று உத்தரவிட்டது. அவ்வுத்தரவு கட்டுமான வேலைகளுக்கும் சேவைகளுக்குமே. பொருள் கொள்முதலை அது தொடவில்லை. 2025 ஜூனில் ஆராய்ச்சிச் சாலைகள் தமக்கு வேண்டிய கருவிகளை வாங்குவதில் இருந்த கட்டுகளை அவிழ்த்தார்கள். நல்லதே. ஆனால் அது ஆராய்ச்சி செய்வோன் வாங்குவதைப் பற்றியது. ஆராய்ச்சியின் பலனை வாங்குவதைப் பற்றியதன்று.

அதிகாரியைப் பழிப்பதும் எளிது. 2018 வரை லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் ஒரு வாசகம் இருந்தது. பொது நன்மையின்றி ஒருவனுக்குப் பண லாபம் கிடைக்கச் செய்த அதிகாரி, தான் ஒரு காசும் வாங்காவிட்டாலும் குற்றவாளியாகக்கூடும். கூடுதல் விலை கொடுத்துப் புதிய பொருளொன்றை வாங்கி, அது சரியாக வேலை செய்யாமற் போனால், ஓய்வு பெற்ற பின்னும் அவர் கோர்ட்டுப் படியேற வேண்டியதே. அந்த வாசகம் 2018-ல் நீக்கப்பட்டது, அச்சம் நீங்கவில்லை. தணிக்கைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இன்றும் ‘குறைந்த விலையை ஏன் விட்டாய்?’ என்பதே. பழைய பொருளையே வாங்கிப் பத்து வருஷத்தைப் பாழாக்கிய அதிகாரியை எவரும் கேட்டதில்லை.

சர்க்கார் வாங்கத் துணிந்தபோது என்ன நடந்தது என்பதற்கு நம்மிடமே சாட்சியம் உண்டு. 1984-ல் ஸி-டாட் என்னும் டெலிபோன் அபிவிருத்தி மையம் அமைந்தபோது, 36 மாதமும் 36 கோடி ரூபாயும் கொடுங்கள், இந்திய எக்ஸ்சேஞ்சு தருகிறோம் என்றார்கள். அக்காலத்து அயல்நாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளிர்சாதன அறையை எதிர்பார்ப்பவை. நமது கிராமங்களிலோ விளக்கெரிய மின்சாரம் வந்தால் அதிர்ஷ்டம். உஷ்ணத்தையும் புழுதியையும் தாங்கி, குளிர்சாதனமின்றி ஓடும் 128 இணைப்புகள் கொண்ட சிறு எக்ஸ்சேஞ்சை நம் இளம் என்ஜினீயர்கள் செய்தார்கள். 1986-ல் கர்நாடகத்திலுள்ள கிட்டூரில் அது நிறுவப்பட்டது. நகரங்களுக்கான பெரிய எக்ஸ்சேஞ்சு குறித்த தவணைக்குள் முடியவில்லை. அதைச் சுட்டிக்காட்டிப் பரிகசித்தவர்கள் அநேகர். ஆனால் சிறிய எக்ஸ்சேஞ்சு தேசமெங்கும் பரவிற்று. நுட்பத்தைப் பல கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். அவை செய்து கொடுத்ததை டெலிபோன் இலாகா வாங்கிற்று. அந்த இலாகா வாங்காதிருந்தால், கிட்டூர் எக்ஸ்சேஞ்சு ஏதேனும் ஒரு பொருட்காட்சிச் சாலையில் கண்ணாடிக்குள் இருந்திருக்கும்.

ரோட்டா வைரஸ் பேதிக்குரிய தடுப்பு மருந்தும் இத்தகையதே. டெல்லி அகில இந்திய மருத்துவ ஸ்தாபனத்தில் 1980-களில் பச்சிளங் குழந்தைகளிடம் கண்டெடுத்த கிருமியிலிருந்து அது பிறந்தது, வேலூரிலும் பரீக்ஷிக்கப்பட்டது. 2015-ல் வெளிவந்து, 2016-ல் சர்க்காரின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. ஏறக்குறைய முப்பது வருஷம் ஒரு மருந்துக்காகக் காத்திருக்க எந்தக் கம்பெனியின் கணக்குப் புஸ்தகமும் இடங்கொடுக்காது. கடைசியில் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு வாங்கப் போகிறவர் எவரென்று தெரிந்தால்தான் இடங்கொடுக்கும்.

தடையற்ற வியாபாரத்தின் தாயகமென்று சொல்லப்படும் அமெரிக்காவைப் பார்ப்போம். இன்று உலகத்தை ஆட்டிவைக்கும் சிலிக்கன் சில்லுகளை 1960-களின் தொடக்கத்தில் வாங்கியவர்கள் வியாபாரிகள் அல்லர். மினிட்மேன் ஏவுகணைக்கும், சந்திரனுக்குச் சென்ற அப்போலோ கலத்தின் கணிப்பொறிக்குமாக அந்த தேசத்து சர்க்காரே பெரும்பகுதியை வாங்கிற்று. விலை இறங்கிய பிறகே வியாபாரிகள் வந்தார்கள். 1982-ல் அங்கே ஒரு சட்டமும் இயற்றினார்கள்: பெரிய இலாகாக்கள் ஒவ்வொன்றும் தம் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கைச் சிறு கம்பெனிகளுக்கென்றே ஒதுக்கவேண்டும்.

அங்கே சட்டம் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். நமது மத்திய சர்க்காரின் கொள்முதல் முறை பொது நிதி விதிகள் என்னும் நிர்வாக உத்தரவுகளில் நிற்கிறது. தமிழ் நாடு 1998-லேயே டெண்டர் சட்டம் இயற்றிவிட்டது. டெல்லியில் 2012-ல் லோக் சபையில் வந்த பொதுக் கொள்முதல் மசோதா 2014-ல் சபையோடு காலாவதியாயிற்று. சட்டத்தில் இடமில்லாவிட்டால் நல்ல இயந்திரமும் எவ்வாறு தூங்கும் என்பதற்கு 1982-ல் கேரளத்துப் பரவூரில் நடந்தது போதும். அங்கே ஐம்பது வாக்குச் சாவடிகளில் நம்மவர் செய்த வாக்குப்பதிவு இயந்திரத்தை எலெக்ஷன் கமிஷன் முதன்முதலாக உபயோகித்தது. தோற்ற அபேட்சகர் வழக்காடினார். 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் சொல்வது வாக்குச் சீட்டையே, கமிஷன் தன்னிஷ்டப்படி இயந்திரம் வைக்கலாகாது என்று தீர்த்து, அந்தச் சாவடிகளில் மறு வாக்கெடுப்புக்கு உத்தரவிட்டது. தீர்ப்பு சரியே. பார்லிமெண்டு ஒரு பிரிவைச் சேர்த்து அது அமுலுக்கு வர 1989 ஆயிற்று; 1998-ல்தான் இயந்திரம் தேர்தல்களில் மறுபடி தலைகாட்டியது. (அந்த இயந்திரத்தைப் பற்றிப் பிற்காலத்தில் கிளம்பிய விவாதங்கள் வேறு, இங்கே அவற்றுள் நுழையவில்லை.) ஒரு பிரிவுக்காக இவ்வளவு வருஷம் காத்திருக்கக்கூடிய சிறு கம்பெனி எது? சர்க்கார் கம்பெனியாதலால் பிழைத்தது.

பணம் மாத்திரம் போதுமென்போருக்கு ஒரு பழைய கணக்கைக் காட்டுகிறோம். அயல்நாட்டு நுட்பத்தை இறக்குமதி செய்வோரிடம் 1986-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஐந்து சதவீதம் வரை வரி வாங்கினார்கள். உள்நாட்டு நுட்பத்தை வளர்க்கவே அது. 1996-ல் அதற்கென ஒரு போர்டும் அமைந்தது. வரி ஆயிரக்கணக்கான கோடி சேர்ந்தது. அதில் பத்தில் ஒரு பங்குகூட அந்த நோக்கத்துக்குப் போய்ச்சேரவில்லை என்பது மத்திய தணிக்கை இலாகாவின் கணக்கு. 2017-ல் வரியே எடுபட்டது. பெட்டியில் பணமிருந்தும், அதைக் கேட்டுச் செலவிடும் கொள்முதல்காரர் இல்லாத நிலைமை இப்படித்தான் முடியும்.

சர்க்கார் வாங்குவதென்று சொன்னால் ஊழல் பெருகாதா, மோசமான பொருளுக்குப் பாதுகாப்புக் கிடைக்காதா என்று கேட்பார்கள். நியாயமான பயம். பல பத்து வருஷம் மாறாத உருவத்தோடு ஓடிய அம்பாஸடர் காரை நாம் மறக்கவில்லை. ஆனால் அங்கே போட்டியும் இல்லை, தவணையும் இல்லை. நாம் கோருவது வேறு. இலாகா தனக்கு வேண்டிய பயனைச் சொல்லவேண்டும். பொருளின் உருவத்தைச் சொல்லவேண்டாம். ‘மின்சாரம் நின்றபின் ஆறு மணி நேரம் தடுப்பு மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கும் பெட்டி வேண்டும், பரீக்ஷையில் தேறிய இருவரிடம் இத்தனை ஆயிரம் வாங்குவோம், ஐந்து வருஷத்துக்குப் பின் இச்சலுகை இல்லை’ என்று முன்கூட்டி விளம்பரம் செய்யட்டும். அவ்விதிப்படி நடந்த அதிகாரியைத் தணிக்கை தொடாதென்று சட்டம் எழுதட்டும். சிறு கம்பெனிகளுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டுமென்று 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ளதை முதலில் சர்க்கார் இலாகாக்களே அனுஷ்டிக்கட்டும்.

நஷ்டமும் வரும். 2021 ஜூனில் பரீக்ஷை முடியுமுன்பே ஹைதராபாத் கம்பெனி ஒன்றுக்கு 30 கோடி டோஸ் கொரோனா தடுப்பு மருந்துக்காக 1,500 கோடி ரூபாய் முன்பணம் கொடுக்க ஏற்பாடாயிற்று. மருந்து தேறி வந்தது. அது பரவலாகக் கிடைப்பதற்குள் ஜனங்களில் பெரும்பாலோர் வேறு மருந்தைப் போட்டுக்கொண்டுவிட்டார்கள். இதைத் தப்பென்று நாம் கருதவில்லை. அந்த மாதங்களில் பத்து மருந்துகளுக்கு முன்பணம் கொடுத்திருந்தாலும் அது விவேகமே.

தமிழ் நாட்டிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றுள்ள அங்கத்தினர்கள் எக்கட்சியினராயினும் நிதி மந்திரியிடம் கேட்கவேண்டியது இது: ஒரு லக்ஷம் கோடிக் கடனில் உருவாகும் பொருள்களுள் சர்க்கார் இலாகாக்கள் எவற்றை, எத்தனை, எவ்விலைக்கு, எந்த வருஷத்திலிருந்து வாங்கப் போகின்றன? இலாகாவாரியாகப் பட்டியல் கொடுக்கச் சொல்லவேண்டும். பட்டியல் இல்லையென்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கவேண்டும்.