ஒரு மில்லியன் வெள்ளிக்கு இரண்டாவது வாய்ப்பு

'இரண்டாவது வாய்ப்பு' என்ற சொல்லை நாம் கொஞ்ச நாளைக்குப் பயன்படுத்தாமல் இருந்து பார்க்கலாம். பட்டம் முடித்தவர்கள் வெளிநாடு போய் நான்கே ஆண்டுகளில் டாக்டராகி விடலாம் என்று விற்கும் முகவர்களின் சொல் அது. இப்போது நம் பத்திரிகைகளும், கோயில் மண்டபத்துப் பாராட்டு விழாக்களும், நண்பர்களின் வாட்சாப் குழுக்களும் அதையே சொல்கின்றன. 'பொறியாளராக இருந்து மருத்துவராகப் போகும் தமிழ்ப் பெண்' என்று படத்தோடு செய்தி. மாலை, பொன்னாடை, முன்னாள் தலைமையாசிரியரின் வாழ்த்துரை. காசு எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பொறாமை என்பார்கள்.

பரவாயில்லை, நான் கேட்கிறேன். கணக்குப் போடுவது என் தொழில்.

அயர்லாந்தில் பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்புக்கு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் கட்டும் தொகை ஆண்டுக்கு 50,000 யூரோவைத் தாண்டுகிறது. சிட்னி, மெல்பர்ன் பல்கலைக்கழகங்களில் 80,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். வாடகை, சாப்பாடு, விமானச் சீட்டு எல்லாம் சேர்த்தால், எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் ஒரு மில்லியன் வெள்ளி. டப்ளினில் அதே வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அயர்லாந்துக்காரர் கட்டுவது ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. மீதிக்கு அவர் நாட்டு அரசு கை கொடுக்கிறது. நமக்குக் கை கொடுக்க யாருமில்லை. பி.டி.பி.டி.என். கடன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது. அமெரிக்காவில் பல மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டவரின் விண்ணப்பத்தையே எடுப்பதில்லை. எடுப்பவற்றில் சில, நான்காண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கின்றன. இங்கிலாந்தில் வெளிநாட்டு மாணவருக்கான மருத்துவ இடங்கள் நீண்ட காலமாகவே ஏறத்தாழ 7.5 விழுக்காட்டுக்குள் அடங்கியவை.

ஆக, நம்மைத் தேடிப் பிடித்து அழைக்கிறவர்கள் நம் திறமையைக் கண்டு மயங்கிப்போய் அழைக்கவில்லை. உள்ளூர் மாணவருக்குக் கொடுக்கும் சலுகையின் சுமையை யாராவது தூக்க வேண்டும். அந்த ஆள் நாம்தான். மதிப்பெண் தேவைதான், ஜாம்சாட்டோ எம்கேட்டோ எழுதித்தான் ஆக வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேர்வில் தேறிய பத்துப் பேரில் போகப்போவது யார் என்பதை முடிவு செய்வது அப்பாவின் வீட்டுப் பத்திரம்.

சரி, கட்டிப் படித்தாச்சு. அப்புறம்? ஆஸ்திரேலிய மாநிலங்களில் பயிற்சி மருத்துவர் இடம் ஒதுக்கும்போது உள்நாட்டு மாணவருக்கே முதல் உரிமை. அதே வகுப்பு, அதே பேராசிரியர், அதே தேர்வு எல்லாம் எழுதி முடித்த வெளிநாட்டு மாணவர் கடைசி வரிசையில் நிற்க வேண்டும். விளம்பரத் தாளில் இந்த வரிசை இருக்காது. கோலாலம்பூரில் ஒரு கல்விக் கண்காட்சியில் மேசைக்குப் பின்னால் இருந்தவரிடம் இதைக் கேட்டேன். "தம்பி, நீங்க நெகட்டிவா யோசிக்கிறீங்க" என்றார். எஸ்.பி.எம்.மில் உயிரியல் எடுத்தேனா என்றுகூட அவர் என்னைக் கேட்கவில்லை. மலேசிய மருத்துவ மன்றம் எதிர்பார்க்கும் குறைந்தபட்சத் தகுதியில், பதினேழு வயதில் எழுதிய அந்த உயிரியல் தாளும் அடங்கும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஊருக்குத் திரும்பி வரலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2005இல் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு மலேசியா அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக அறிவித்தபோது அங்கே படித்துக்கொண்டிருந்த மலேசியர்களில் பெரும்பகுதி நம் பிள்ளைகள். வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய பெற்றோர் இங்கே அலறினார்கள். அரசியல்வாதிகள் அறிக்கை விட்டார்கள். ஒரு நாட்டின் மருத்துவக் கல்விக் கொள்கையால் வெளியே தள்ளப்பட்ட ஒரு சமூகம், தானே விமானச் சீட்டு வாங்கிக்கொண்டு போய், அதே நாட்டின் ஒரு கடிதத்தால் அங்கேயும் தள்ளப்பட்ட கதை அது. இதை வைத்து ஒரு நாவல் வந்திருக்க வேண்டும். நாம் இன்னும் பால்மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

அங்கீகாரம் உள்ள கல்லூரி என்றாலும் வாசலில் காத்திருப்பது என்ன? 2016 டிசம்பரிலிருந்து பயிற்சி மருத்துவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26 அன்று கோவிட் வார்டுகளிலிருந்து ஒப்பந்த மருத்துவர்கள் வெளிநடப்புச் செய்தது எதற்காக? நிரந்தர வேலை இல்லை, சிறப்பு மருத்துவப் படிப்புக்கு வழி இல்லை என்பதற்காக. இருபத்தெட்டு வயதில் ஒரு வருடம் தேர்வுக்குத் தயாராகி, நான்கு வருடம் படித்து, நாலு மாதத்துக்கு ஒரு பிரிவாக இரண்டு வருடம் பயிற்சி முடிக்கும்போது முப்பத்தைந்து. அதுவும் இடையில் ஒரு நாள்கூடக் காத்திருக்காவிட்டால். அப்பா அந்த நேரம் ஓய்வு பெற்றிருப்பார். அவருடைய கே.டபிள்யு.எஸ்.பி. பணம் ஓய்வு பெற்றிருக்காது. அது முன்னாலேயே போயிருக்கும். பிள்ளைகளின் மேற்படிப்புக்குப் பணம் எடுக்கலாம் என்ற வசதியை நம் வீடுகளைப்போல முழுசாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்று நினைக்கிறேன்.

இந்த விண்ணப்பத்தில் எனக்கு மிகவும் கசக்கும் பகுதி பணம் இல்லை, 'பெர்சனல் ஸ்டேட்மென்ட்' என்கிற அந்தக் கட்டுரை. நீ ஏன் மருத்துவராக வேண்டும் என்று அமெரிக்க விண்ணப்பத்தில் இடைவெளிகளோடு சேர்த்து 5,300 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். நண்பர்கள் எழுதிய சிலவற்றைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாட்டி தோட்டத்தில் பால் வெட்டினாள். தாத்தாவுக்குச் சர்க்கரை, கால் எடுத்தாச்சு, பிறகு டயாலிசிஸ். கிளினிக்கில் ஹாஸ்பிடல் அசிஸ்டன்ட் எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுத்தார். அந்தக் கணத்தில் நான் முடிவு செய்தேன்... நாலாவது கட்டுரையைப் படிக்கும்போது பாட்டியின் பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. தோட்டத்துக் கதையையே எத்தனை காலம் எழுதுவது என்று மூத்த எழுத்தாளர்களைக் கிண்டல் செய்யும் தலைமுறை நாம். அதே தோட்டத்தை, அதைவிட மலிவான பதத்தில் காய்ச்சி, ஒரு மில்லியன் கட்டணத்தோடு வெள்ளைக்காரத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பி வைக்கிறோம். அந்தப் பாட்டியின் நோயை இப்படி ஒரு தகுதிச் சான்றிதழாக மாற்றுவதற்கு முன்னால், அவளுக்கு யூ.பி.யூ. என்றால் என்னவென்று தெரியுமா என்றாவது யோசிக்கலாம்.

யூ.பி.யூ. என்று சொன்னதும் உண்மையான இடத்துக்கு வந்துவிட்டோம். என் வகுப்பில் இருந்த தமிழ் மாணவர்களில் பாதிப் பேர் விண்ணப்பத்தில் மருத்துவத்தை முதலில் போட்டுவிட்டு எந்திரவியலிலும் மின்னியலிலும் வந்து விழுந்தவர்கள். மெட்ரிகுலேஷனில் 90க்கு 10 என்ற விகிதம் எல்லாருக்கும் தெரியும். 2019இல் மொத்த இடத்தை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும் அந்த விகிதம் அசையவில்லை. 2024இல் எஸ்.பி.எம்.மில் பத்து ஏ எடுத்த எல்லா இனத்தவருக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் என்றார்கள். நல்லது, ஆனால் மெட்ரிகுலேஷன் முடித்த பிறகு மருத்துவம் யாருக்கு என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. மெட்ரிகுலேஷன் கிடைக்காதவன் எஸ்.டி.பி.எம். எழுதி 4.0 வாங்கி வந்து நிற்பான். ஆகஸ்டு, செப்டம்பர் வந்தால் அவன் முகம் பத்திரிகையில் வரும். கட்சி சேவை மையத்தில் ராயுவான் கடிதம் எழுதித் தருவார்கள். அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். வெளிநாட்டு வழி இந்த அநீதிக்கு மருந்து இல்லை. அந்த அநீதி சத்தமில்லாமல் தொடர்வதற்கான வசதி. உள்ளே மறுக்கப்பட்ட ஓர் இடத்தை வெளியே தனியாகக் காசு கொடுத்து வாங்கிவிடும் குடும்பம், அதற்குப் பிறகு அந்த மறுப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. பிள்ளை டாக்டராகிவிட்டது, இனி எதற்குச் சண்டை? வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கோ குரல் கிடையாது. இப்படி வசதி உள்ளவர்கள் ஒவ்வொருவராக வரிசையிலிருந்து நழுவிப் போவதால் அமைச்சுக்குத்தான் லாபம்.

பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். டியூக்-என்.யு.எஸ்.ஸில் 2007 முதல் பட்டதாரிகளை மருத்துவத்துக்கு எடுக்கிறார்கள். பொறியியல் படித்தவரும் சேரலாம். அரசு மானியம் தருகிறது, பதிலுக்குச் சில ஆண்டுகள் நீ எங்களுக்கு வேலை செய் என்று ஒப்பந்தம் போடுகிறது. கெடுபிடியான ஒப்பந்தம்தான், ஆனாலும் இந்த ஆள் நமக்குத் தேவை என்ற ஒரு கணக்கு அதில் இருக்கிறது. நாமும் 2011இல் ஒரு தனியார் பல்கலைக்கழகம் வழியாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கூட்டோடு இப்படி ஒன்றை ஆரம்பித்தோம். சில ஆண்டுகளிலேயே கூட்டு முறிந்தது.

இதைப் படித்துவிட்டு நண்டுக் கதையோடு வருவார்கள் என்று தெரியும். மூடி இல்லாத கூடை, ஏறுகிற நண்டை மற்ற நண்டுகள் காலைப் பிடித்து இழுக்கும், இந்தியன் புத்தி, இத்யாதி. நம் மேடைகளில் இந்தக் கதை கேட்காத ஆண்டு இல்லை. கூடையை யார் பின்னினார்கள் என்று கேட்பவனை வாயடைப்பதற்கு இதைவிட வசதியான கதை கிடையாது. இருபத்தெட்டு வயதில் ஒருவர் வேலையை விட்டு மருத்துவம் படிக்க நினைப்பதில் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. வசதி இருப்பவர் போகட்டும், நல்ல மருத்துவராக வரட்டும். அதைச் சாதனை என்று சமூகத்தின் தலையில் கட்டாமல் இருந்தால் போதும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே சுங்கை சிப்புட்டிலோ கூலிமிலோ ஒரு லாரி ஓட்டுநர் வீட்டை அடமானம் வைக்கக் கிளம்புகிறார்.

பாராட்டு விழா நடத்தும் கட்சிகளிடமும் அமைப்புகளிடமும் ஒன்று கேட்கலாம். ஆண்டுதோறும் உங்கள் சேவை மையங்களுக்கு வந்த ராயுவான் கடிதங்கள் எத்தனை? மருத்துவத்துக்கென வந்தவை எத்தனை, இடம் கிடைத்தவை எத்தனை? பெயர்கள் வேண்டாம், எண்களை மட்டும், ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாக வெளியிடுங்கள். கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது.